புல்மேல் பறந்தது குளவி, வேலியில் இருந்தது கதண்டு

பூச்சி மருந்தடிக்க முதல் தடவை 180 சிங்கப்பூர் வெள்ளி, இரண்டாம் தடவை 120, கூட்டை எடுக்க 220, மருத்துவமனையில் 140. ஆக 660 வெள்ளி. போனால் போகட்டும் என்று விட மனம் வரவில்லை, ஏனென்றால் இதில் முதல் 300 வெள்ளியைக் கொட்டாத குளவியைத் துரத்தத்தான் செலவழித்திருக்கிறேன். கொட்டுகிற குளவி அதே தோட்டத்தில், பத்தடி தள்ளி, நானே கட்டி அடுக்கிய தழைப் பைகளுக்குப் பின்னால் நிம்மதியாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தது. இதெல்லாம் நடந்த ஆறு வாரமும் கணவர் வெளிநாட்டில். இணையத்தைத் துழாவினால் கிடைத்ததெல்லாம் குளிர்நாட்டுக் குளவிகளின் கதை: கோடை முடியும்போது தொல்லை கூடும், பனி விழுந்தால் கூடு அழிந்துவிடும் என்று. சிங்கப்பூரின் செம்பவாங்கில் எந்தப் பனி விழப்போகிறது? எங்களுடையது சின்னத் தரைவீடு. பின்னால் எட்டுக்கு ஐந்து மீட்டர் புல், ஒரு மரவேலி, வேலியோரம் இட்லிப்பூச் செடி வரிசை, பக்கத்து வீட்டு மாமரத்தில் பாதி எங்கள் பக்கம் சாய்ந்திருக்கும். இந்த அளவுக்குத் தோட்டம் வைத்திருப்பவர்கள் யாராவது படித்துவிட்டு அந்த 300 வெள்ளியை மிச்சப்படுத்தினால் சரி.

முதலில் கண்ணில் பட்டது புல்மேல் பறந்த கூட்டம். காலை ஒன்பது மணி வெயிலில் இருபது முப்பது இருக்கும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வளைந்து வளைந்து சுற்றின. கறுப்பு உடம்பு, மஞ்சள் வரி, புசுபுசுவென்று ரோமம், இறக்கையில் கருநீலப் பளபளப்பு. பயந்துபோய் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டேன். வந்தவர் என்ன குளவி என்றுகூடப் பார்க்காமல் புல் முழுக்க மருந்தடித்துவிட்டுப் போனார். பத்து நாளில் அத்தனையும் திரும்பி வந்தன. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி அடித்தார், மறுபடி வந்தன. இவை ஸ்கோலியா குடும்பத்துக் குளவிகள். இவற்றுக்குக் கூடு கிடையாது, ராணி கிடையாது, காவல் காக்க எதுவுமே கிடையாது. அதனால் நம்மைத் துரத்த வேண்டிய தேவையும் இல்லை. தாழ்வாகச் சுற்றிக்கொண்டே இருப்பவை பெரும்பாலும் ஆண்கள், மண்ணுக்குள்ளிருந்து பெண் வெளிவரக் காத்திருப்பவை. ஆண் குளவிக்குக் கொடுக்கே இல்லை. பெண் கொட்டும், ஆனால் கையில் பிடித்தாலோ வெறுங்காலால் மிதித்தாலோதான்.

பெண் குளவி வருவது மண்ணுக்குள் இருக்கும் வேர்ப்புழுவுக்காக. வண்டுகளின் புழு அது: வெள்ளையாக, தலை மட்டும் பழுப்பாக, அரைவட்டமாகச் சுருண்டு புல்லின் வேரைத் தின்றுகொண்டிருக்கும். குளவி மண்ணைத் துளைத்து இறங்கி, புழுவைக் கொட்டி மயக்கி, அதன்மேல் ஒரு முட்டை வைத்துவிட்டு மேலே வந்துவிடும். முட்டை பொரித்துவரும் குளவிக் குஞ்சுக்கு அந்தப் புழுதான் சாப்பாடு. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்களே, அது சுவரில் மண்கூடு கட்டும் குளவியைப் பார்த்துப் பிறந்த சொல். மண்ணுக்குள் நடப்பதும் அதேதான். உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி என்பதைப் பாட்டிமார் சரியாகவே கவனித்திருக்கிறார்கள், நடுவில் அந்தப் புழு என்ன ஆயிற்று என்பதுதான் விட்டுப்போயிற்று. புல்லுக்குமேல் அடித்த மருந்து வேருக்கடியில் இருக்கும் புழுவை எட்டவே இல்லை. புழுவைத் தின்ன வந்ததைக் கொன்றுவிட்டுப் புழுவைப் பத்திரமாக விட்டு வைத்தால், மண்ணிலிருந்து அடுத்த தொகுதிக் குளவி வராமல் என்ன செய்யும்?

புழு இருக்கிறதா என்று பார்க்க யாரையும் கூப்பிட வேண்டாம். சுற்றிலும் நல்ல புல் இருக்க ஓரிடம் மட்டும் மஞ்சளடித்தால், அல்லது மைனாக்கள் ஒரே இடத்தை வந்து வந்து கொத்தினால், அங்கே மண்வெட்டியால் ஓரடிக்கு ஓரடி சதுரமாக மூன்று பக்கம் வெட்டி, ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்தில் புல்லைப் பாய்போல் புரட்டுங்கள். வேர் அறுந்திருந்தால் புல் கையோடு வந்துவிடும். புழுக்களை எண்ணுங்கள். ஒன்றிரண்டு என்றால் மூடிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், குளவியும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். பத்துக்கு மேல் போனால்தான் கவலை. எனக்கு ஒரு குழியில் மூன்று, இன்னொன்றில் நான்கு. மருந்தே தேவைப்படாத அளவு. புல்லின் மேல்பகுதியைத் தின்னும் கம்பளிப்புழு வகைகளைப் பார்க்க வேறு வழி: பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மேசைக்கரண்டியை 4 லிட்டர் தண்ணீரில் கலந்து ஒரு சதுர மீட்டர் புல்லில் ஊற்றினால் பத்து நிமிடத்தில் மேலே நெளிந்து வரும். புல்லை ஒட்டச் சுரண்டி வெட்டுவதும் குளவியைக் கூப்பிடுவதுதான். இங்கே பலர் வளர்க்கும் அகல இலைப் புல்லை நாலைந்து சென்டிமீட்டருக்குக் கீழே இறக்காதீர்கள். ஒட்ட வெட்டினால் ஒளிந்திருந்த புழுபூச்சி வெளியே தெரியும், வேரும் பலவீனமாகும். வெட்டியவுடன் வரும் பச்சைப் புல் வாசனை இருக்கிறதே, புழு இலையைக் கடிக்கும்போதும் இலை அதே வாசனையைத்தான் விடும். அந்த வாசனையை மோப்பம் பிடித்துப் புழுவைத் தேடி வரும் குளவி வகைகள் உண்டு.

இதற்கெல்லாம் நடுவே, மாதம் ஒருமுறை புல் வெட்ட வரும் தம்பி ஒருநாள் மிஷினை அணைத்துவிட்டு வந்து, "அக்கா, வேலிப் பக்கம் கதண்டு சுத்துது, பார்த்து இருங்க" என்றார். புதுக்கோட்டைக்காரர். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்குக் குளவி தெரியும், கதண்டு என்ற சொல்லே தெரியாது. ஏதோ ஊர் வழக்கில் புல்மேல் பறப்பதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "மருந்தடிச்சாச்சு தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது நினைத்தாலும் என்மேலேயே எரிச்சல் வருகிறது. அந்த ஒரு சொல்லைக் கேட்டு, "எப்படி இருக்கும்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கதண்டு என்று அவர் சொன்னதும், பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் (அத்தை) பின்னால் தெபுவான் என்று சொன்னதும் ஒன்றுதான்: கறுத்த உடம்பு, வயிற்றின் முன்பாதியில் அகலமாக ஒரே ஒரு ஆரஞ்சு மஞ்சள் பட்டை, கடைப்பாதி கறுப்பு. வெஸ்பா அஃபினிஸ் என்பது அறிவியல் பெயர். சிங்கப்பூரில் சாதாரணமாகக் காணக்கூடியது. கூட்டமாக வாழும், கூட்டைக் காக்கும், கூட்டமாகக் கொட்டும்.

அது என் தோட்டத்துக்கு வந்த காரணம் புல் இல்லை, புல் வெட்டிய பிறகு நான் செய்ததுதான். கழிவு எடுக்க வரும் நாள்வரை காத்திருக்கலாம் என்று தழை, பழம், காய்ந்த ஓலை எல்லாவற்றையும் பைகளில் கட்டி வேலியோரம் அடுக்கினேன். இரண்டு முறை அந்த நாளைத் தவறவிட்டேன். மூன்று வாரத்தில் ஒன்பது பை. வளர்ந்த கதண்டால் இறைச்சியைத் தின்ன முடியாது, அதன் இடுப்பு நூல்போல, திட உணவு அந்த வழியாக இறங்காது. அதற்கு வேண்டியது இனிப்புத் திரவம். கூட்டில் இருக்கும் குஞ்சுகளுக்கு வேண்டியது இறைச்சி. ஈயையும் புழுவையும் பிடித்து, மென்று உருட்டிக் கொண்டுபோய் ஊட்டும், குஞ்சுகள் பதிலுக்கு இனிப்பான எச்சிலைக் கக்கும், அதைப் பெரியவை குடிக்கும். என் பைகளில் இரண்டு பந்தியும் ஒரே இடத்தில். உள்ளே நசுங்கிப் புளித்த மாம்பழம், அதற்கு வந்த பழ ஈ, அழுகிய தழையில் நெளியும் ஈப்புழு. நம் வெயிலிலும் ஈரத்திலும் கட்டிய பை மூன்று நாளில் புளிக்க ஆரம்பித்துவிடும். பையின் மடிப்பில் தேங்கிய மழைநீர் குடிக்கத் தண்ணீர். (அதே தண்ணீர் கொசுவுக்கும் தொட்டில். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி அந்த வாரம் வந்திருந்தால் இந்தக் கணக்கில் அபராதமும் சேர்ந்திருக்கும்.)

மூன்றாவதாக ஒன்றுக்கும் கதண்டு வரும், அதை நான் கண்ணெதிரே பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை. வண்ணம் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்ட வேலிப் பலகையில் ஒன்று தலைகீழாக உட்கார்ந்து பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. காதைக் கிட்ட வைத்தால் காகிதத்தை நகத்தால் சுரண்டுவது போலச் சத்தம். அது போன பிறகு பலகையில் நெல் அகலத்துக்கு ஒரு வெளிர் கோடு. பலகை முழுக்க அப்படிப் பத்து இருபது கோடுகள். மர நாரைச் சுரண்டி, எச்சிலோடு குழைத்துத்தான் காகிதக் கூட்டைக் கட்டும். பூசப்படாத பழைய வேலி, காய்ந்த தென்னை மட்டை, வெட்டிப்போட்ட கிளை எல்லாம் அதற்குக் கட்டுமானப் பொருள். உங்கள் வேலியில் இந்த வெளிர் கோடுகள் தெரிந்தால் எங்கோ பக்கத்தில் கூடு உருவாகிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே என்று பார்க்க, நாலைந்து மீட்டர் தள்ளி ஒரு நாற்காலி போட்டு இருபது நிமிடம் உட்காருங்கள். தீனி தேடும்போது அது அலைபாயும், வாயில் எதையாவது கவ்விக்கொண்டு திரும்பும்போது நேர்கோட்டில் போகும். மூன்று நான்கு ஒரே திசையில் போனால் அந்தக் கோட்டின் முடிவில் கூடு. செடியை விலக்கிப் பார்க்காதீர்கள். கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

நான் செடியை விலக்கவில்லை, பையை இழுத்தேன். கடைசிப் பை இட்லிப்பூச் செடிக்குள் செருகியிருந்தது, கிளை ஒன்று அதில் மாட்டியிருந்தது. ஒரே இழுப்பில் செடி முழுக்க ஆடிற்று. முதல் கொட்டு புறங்கையில். சூடான கம்பியால் குத்தியதுபோல் இருந்தது, அடுத்த நொடி கையால் அடித்துவிட்டேன். அதுதான் தப்பு. கதண்டின் விஷத்தோடு ஓர் அபாய வாசனையும் வரும், கொட்டிய இடத்திலும் நசுங்கிய உடம்பிலும் அது ஒட்டிக்கொள்ளும், மற்றவை அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே வரும். கழுத்தில் ஒன்று, தோளில் இரண்டு. ஆக நான்கு. இன்னும் இரண்டு வீட்டுக்குள்ளேயே துரத்திக்கொண்டு வந்தன. கையை வீசாமல், தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, நேராக ஓடிக் கதவுள்ள இடத்துக்குள் போய்விடுவது ஒன்றே வழி. இருபது முப்பது மீட்டர் ஓடியும் விடாமல் வரும் என்பதால் பாதி தூரத்தில் நின்று திரும்பிப் பார்க்காதீர்கள். புல் வெட்டும் மிஷினின் அதிர்வும் கதண்டுக்குச் செடியை ஆட்டியது மாதிரிதான். அந்தத் தம்பி வேலியருகே மிஷினை அணைத்ததற்குக் காரணம் இதுதான் என்று அப்புறம் புரிந்தது.

கையில் கொட்டினால் முதல் காரியம் மோதிரம், வளையலைக் கழற்றுவது. நான் அரை மணி கழித்து நினைத்துப் பார்த்தபோது மோதிரம் நகரவில்லை, மருத்துவமனையில் வெட்டித்தான் எடுத்தார்கள். தேனீயைப்போல் கதண்டு கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, அதனால் தோண்டித் தேட வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். மாமியார் தொலைபேசியில் சுண்ணாம்பு தடவச் சொன்னார். தடவாதீர்கள், ஏற்கெனவே வெந்த தோல் இன்னும் வேகும். மூச்சு இழுப்பது, உதடு நாக்கு தொண்டை வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, வாந்தி, தலைசுற்றல் இதில் ஒன்று வந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 995தான், டாக்ஸி தேடக் கூடாது. எனக்குத் தலைசுற்றல் இருந்தது, வீட்டில் வேறு யாருமில்லை, இருந்தும் "சின்ன விஷயத்துக்கு ஆம்புலன்ஸா" என்று கூச்சப்பட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முட்டாள்தனம். பலவும் சேர்ந்து கொட்டியிருந்தால், அதுவும் குழந்தைக்கோ முதியவருக்கோ என்றால், நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் காட்ட வேண்டும். அதிக விஷம் தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும், அது உடனே தெரியாது. அடுத்த இரண்டு மூன்று நாளில் சிறுநீர் குறைந்தாலோ கறுத்த தேநீர் நிறத்தில் போனாலோ திரும்ப ஓட வேண்டும். எனக்கு மருந்து கொடுத்து, சில மணி நேரம் படுக்க வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். கை சரியாக ஆறு நாள் ஆயிற்று.

கூட்டை யார் எடுப்பது என்பதற்கு அரைநாள் தொலைபேசியிலேயே போயிற்று, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கின் பொது இடம் என்றால் நகர மன்றம். பூங்கா, சாலையோர மரம் என்றால் தேசியப் பூங்காக் கழகம். யாருடையது என்றே தெரியாவிட்டால் ஒன்சர்வீஸ் செயலியில் படத்தோடு போட்டுவிடலாம். சொந்த வீட்டு வேலிக்குள் என்றால் சொந்தச் செலவு. நிறுவனத்தைக் கூப்பிடும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: இருட்டும் நேரத்தில் வருவீர்களா, மருந்து மட்டும் அடிப்பீர்களா அல்லது கூட்டையும் வெட்டி எடுப்பீர்களா, திரும்ப வந்தால் மறுவருகைக்குக் காசு உண்டா. பகலில் பாதிக் கூட்டம் வெளியே மேய்ந்துகொண்டிருக்கும், அப்போது கூட்டை எடுத்தால் திரும்பி வருபவை வெறியோடு அதே இடத்தைச் சுற்றும். எங்கள் வீட்டுக்கு ஏழேகால் மணிக்கு, தடித்த உடை போட்டுக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். பக்கவாட்டில் இருந்த ஒற்றை வாசலுக்குள் மருந்தைச் செலுத்தி, சத்தம் அடங்கும்வரை நின்று, கிளையோடு வெட்டி இரட்டைப் பையில் கட்டினார்கள். கால்பந்தைவிடக் கொஞ்சம் சிறியது. மேலே பழுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக அலையலையாக வரிகள், ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு மரத்திலிருந்து வந்த நார். அந்தச் சாம்பல் வரி என் வேலிதான், சந்தேகமே இல்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஏழெட்டு வந்து வெறும் கிளையைச் சுற்றிவிட்டுப் போயின. அந்த இரண்டு நாள் பின்கதவைத் திறக்க வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். வேலிதான் எரியும்.

இப்போது புல் வெட்டும் நாளையே கழிவு எடுக்கும் நாளுக்கு முந்தைய மாலைக்கு மாற்றிவிட்டேன். காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றம்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பலன் தந்தது. வெட்டிய புல் மெல்லிசாக இருந்தால் பையில் போடுவதே இல்லை, புல்மேலேயே பரப்பிவிட்டால் இரண்டு நாளில் காய்ந்து மண்ணாகிவிடுகிறது. குவியலாக விட்டால்தான் சூடேறிப் புளிக்கும். விழுந்த மாம்பழத்தைத் தினமும் காலையில், கதண்டு சுறுசுறுப்பாவதற்கு முன்பே, இடுக்கியால் எடுத்துத் தனிப் பையில் இறுகக் கட்டி மூடியுள்ள தொட்டியில் போடுகிறேன். வெறுங்கையால் எடுத்தால் பழத்தின் அடிப்பக்கம் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் உடனே தண்ணீரைப் பீய்ச்சி அடித்து இறக்குகிறேன். அது கழிக்கும் இனிப்புக் கசிவுக்கும் கதண்டு வரும், இலை பிசுபிசுத்துக் கரும்பூசணம் படர்ந்திருந்தால் அதுதான் அடையாளம். மக்கு உரம் போடுபவர்கள் ஒரு பங்கு பச்சைக் கழிவுக்கு மூன்று பங்கு காய்ந்த இலை சேர்த்து, பழத்தோலை மேலாக விடாமல் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, வாரம் ஒருமுறை கிளற வேண்டும். கிளறும்போது கட்டைவிரல் தடிமனில் புழு வந்தால் அது பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. எடுத்துப்போடாவிட்டால் நாளைக்கு வண்டாகித் தென்னையின் குருத்தைத் துளைக்கும், அந்தப் புழுவைத் தேடிப் பெரிய ஸ்கோலியாக் குளவியும் வரும். வேலிக்கு இரண்டு பூச்சு வண்ணம் அடித்தேன், அதன் பிறகு புதிய வெளிர் கோடு விழவில்லை. வேலியோரச் செடியை உள்ளே வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிசாக வெட்டி வைத்து, மாதம் ஒருமுறை தள்ளி நின்று பார்க்கிறேன். இங்கே குளிர்காலம் என்று ஒன்று வந்து கூட்டை ஒழிக்கப்போவதில்லை, எந்த மாதத்திலும் ஒரு ராணி தனியாக வந்து கோலிக்குண்டு அளவில் தொடங்கலாம். அந்த அளவில் கண்டுபிடித்தால் ஆளுக்கும் வேலை சுலபம், கூலியும் குறையலாம்.

புல்மேல் சுற்றும் கூட்டம் போன மாதம் மறுபடி வந்தது. பிள்ளைகளைச் செருப்பில்லாமல் புல்லில் இறங்காதே என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். இரண்டு வாரம் சுற்றின, போய்விட்டன. மஞ்சளடித்திருந்த இடத்தில் புல் இப்போது வேர் பிடித்திருக்கிறது, இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.